கன்னியம்மா கிணற்றில் விளைந்த கல்

எங்கள் வீட்டில் பூண்டு சேர்ப்பதில்லை. திருவள்ளூரில் தலைமுறை தலைமுறையாகப் பெருமாள் கைங்கரியம் செய்யும் குடும்பம். அதனால் யார் பூண்டு தின்றாலும் என் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

தேர்வாய் கண்டிகையில் செம்புக் கழிவு சுத்திகரிக்கும் ஆலையில் நான் ஆய்வுக்கூடப் பொறுப்பாளன். கல் சேர்ப்பது என் பைத்தியம். ஆலைக்குப் பின்னால் கன்னியம்மாவின் நெல் வயல். அவள் கிணற்றுச் சுவரின் வெடிப்பில், கருநீலத்தில் லேசான சிவப்போடு ஏதோ உலோகமாய் மின்னியது. பெயர்த்து வந்து சோதித்தேன். செம்பும் செலினியமும் சேர்ந்த உமாங்கைட் என்ற கனிமம். அர்ஜென்டினாவின் உமாங்கோ மலையில் கிடைத்ததால் அந்தப் பெயர். உலகத்தில் சில இடங்களில்தான் உண்டு. அந்த இடங்களோடு நம் கண்டிகையும் சேரப்போகிறது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் அதைத் தேய்த்து, தூளை வாயால் ஊதிப் பளபளப்பாக்குவேன்.

எங்கள் கழிவுத் தொட்டி விரிசல் விட்டு, அதிலிருந்த செலினியம் அந்தக் கிணற்றில் கசிந்துகொண்டிருந்தது. அதுவும் எனக்குத் தெரிந்துவிட்டது. தொட்டியை அடைத்தால் கல் வளராது. மேலாளரிடம் கசிவே இல்லை என்றேன். படித்தவன் சொன்னால் நம்புவார்கள்.

புரட்டாசியில் கன்னியம்மா ஒரு சொம்பில் கிணற்றுத் தண்ணீரோடு வந்தாள். "நகமெல்லாம் பேத்துக்கினு வருது சார். முடி கொத்துக்கொத்தா போவுது. தண்ணியில இன்னாவோ கீது."

அவள் வாயில் பூண்டு வாடை. கேட்டேன்.

"பெருமாள் மாசம் சார். கவிச்சி, பூண்டு எதுவும் ஊட்ல சேக்கறதில்ல."

பாவமாக இருந்தது. செலினியம் உடம்பில் ஏறினால் மூச்சில் அந்த வாடைதான் வரும். நல்ல தண்ணீர்தான், தைரியமாகக் குடி என்றேன். அவள் நிம்மதியாகச் சிரித்து, ஒரு வாய் குடித்துவிட்டு, சொம்பை எனக்கும் நீட்டினாள். எங்கள் ஆசாரத்தில் வெளியில் தண்ணீர் குடிப்பதில்லை என்றேன். மரியாதையாகச் சொம்பைத் தாழ்த்திக்கொண்டாள்.

பொங்கலுக்கு முன் போய்விட்டாள். அவளைக் கொன்றது நான்தான், இன்ஸ்பெக்டர் சார். அவள் பேத்தி பூமிகாவின் தலையில் முடி இல்லாததற்கும் நான்தான் காரணம். ஆலைக் கழிவில் விளைந்தது கனிமமே ஆகாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் நான் அனுப்பிவைத்த கல்லைத் திருப்பி அனுப்பியது மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

நேற்று என் மனைவி மரகதவல்லி ஸ்டேஷனுக்கு வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்தே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உங்க வாயில பூண்டு வாடை அடிக்கறதே," என்றாள்.

மற்றதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். நான் ஆசாரம் தவறாதவன். பூண்டை ஒருநாளும் தொட்டதில்லை.