பைரவர் வாகனம்

எனக்கு நாய் பிடிக்கும் ஐயா. இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

சுருளிப்பட்டி ரோட்டில் என் திராட்சைத் தோட்டத்துக்கும் வீரணன் தோட்டத்துக்கும் நடுவே கம்பி வேலி. அவன் வளர்த்த ஜிம்மி, இந்தப் பக்கம் ஆள் தலை தெரிந்தால் போதும், கம்பிக்கு அடியில் நுழைந்து வந்து காலைக் கவ்வும். இரண்டு பெண்கள் கடிபட்ட பிறகு பழம் வெட்ட யாரும் வரமாட்டேன் என்றுவிட்டார்கள். பந்தலிலேயே பழம் வெடித்து ஈ மொய்த்தது.

வீரணனிடம் சொன்னேன். "கட்டிப் போட்டா சாப்பிட மாட்டேங்குதுண்ணே. பழகிட்டா ஒண்ணும் செய்யாது" என்றான். சிரித்த முகம் அவனுக்கு. அதட்டவும் மனசு வராது.

"சோத்துல மருந்தப் பெசஞ்சு வச்சிருவமா?" என்று கேட்டாள் என் மனைவி முனீஸ்வரி. ஏழரைச் சனி நடக்கிறது எனக்கு. "கூறு கெட்டவளே, குச்சனூர் ஜோசியரு என்ன சொன்னாக? நாய் பைரவர் வாகனம், அதுக்கு நம்ம கையால கெடுதல் வந்தா வம்சத்துக்கே ஆகாதுன்னு சொன்னாகள்ல?" என்று சத்தம் போட்டேன். அவர் நாயைப் பற்றி மட்டும்தான் சொன்னார்.

யோசித்துப் பார்த்தால் நாய் என்ன செய்யும்? வளர்த்தவன் சரியில்லை.

சனிக்கிழமை குச்சனூர் போய்ச் சனீஸ்வரனுக்கு எள் தீபம் போட்டேன். அன்றைக்குப் புதுக் காரியம் எதுவும் தொடங்கக் கூடாது என்பதால் ஞாயிறு விடியும்வரை பொறுத்தேன். ஈரல் துண்டைக் காட்டி ஜிம்மியை இந்தப் பக்கம் வரவைத்து, மோட்டார் ரூமுக்குப் பின்னால் தென்னையில் கட்டினேன். கயிறு கழுத்தை அறுக்காமல் இருக்க என் துண்டைச் சுற்றிவிட்டேன். அதன் பிறகுதான் காட்டுப்பன்றிக்கு வைத்திருந்த கரண்டு ஒயரை வேலியில் மாட்டி சுவிட்சைப் போட்டேன். முந்திப் போட்டிருந்தால் நாய்க்கு ஆபத்து.

ஜிம்மி விடாமல் குரைத்தது. வீரணன் ஓடி வந்தான். "ஏலே ஜிம்மி, அங்கன என்ன பண்ற? மன்னிச்சுக்கங்கண்ணே, இந்தா இப்பவே கட்டிப்போட்டுர்றேன்" என்றான். அவன் கையில் புதுச் சங்கிலி ஒன்று இருந்தது. நான் சொன்னதைக் கேட்டிருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. நுழைந்து வருவதற்காகக் கம்பியை விலக்கக் கையை நீட்டினான்.

சுவிட்சு என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அணைக்கப் பார்த்தேன் என்று எழுதிவிடாதீர்கள். பார்க்கவில்லை.

ஜிம்மிக்கு ஒரு கீறல் கிடையாது. மாட்டு டாக்டரை வேண்டுமானாலும் கூப்பிட்டுக் கேளுங்கள். ஆனால் அன்றைக்கு அவிழ்த்துவிட்டதிலிருந்து அது சோறும் தண்ணீரும் தொடாமல், அவன் விழுந்த இடத்திலேயே படுத்துக் கிடக்கிறதாம். முனீஸ்வரி வந்து சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை ஐயா.

வீரணனைக் கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்த நாயை மட்டும் எப்படியாவது சாப்பிட வையுங்கள். அது செத்துப்போனால் அந்தப் பாவம் என்னைச் சும்மா விடாது.