பல்லி எழுதிய பதில்கள்

— பையன்தான்க்கா. வேற யாரா இருக்க முடியும்? எந்தப் பொண்ணாவது தனக்குப் பல்லின்னு பேர் வெச்சுக்குவாளா?

— ஏன், பல்லிக்கு என்ன குறைச்சல்? அது பாட்டுக்குச் சுவத்துல இருக்கு. வீட்டுல நடக்கறது அத்தனையும் பார்க்குது. யாரையாவது கடிச்சுதா?

— விளையாடாதீங்க. தபாலாபீஸ்ல அரை மணி பர்மிஷன் சொல்லிட்டு ஓடி வந்திருக்கேன். எனக்குப் பதிலா கவுண்டர்ல உட்கார்ந்திருக்கறவருக்கு ஸ்டாம்பு நேராக் கிழிக்கக்கூட வராது.

— அப்ப முதல்ல உட்காரு. ஸ்டூல் மேல இருக்கற கோட்டை நகர்த்திட்டு... மெதுவா, மெதுவா! பேங்க் மேனேஜரோடது. போன வருஷத்து அளவே போதும்னு அடம் பிடிக்கிறாரு. எனக்கெதுக்கு ஊர் வம்பு? அவருக்குத் தெரியாம ரெண்டு இன்ச் உள்ள விட்டுத் தைக்கிறேன்.

— அக்கா, லைப்ரரியில லீவுக்குன்னு ஒரு அலமாரி வெச்சிருக்காங்க, தெரியுமா?

— தெரியாம? வயசுப் பிள்ளைங்களுக்கான நாவலா அடுக்கியிருக்காங்க. பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள பத்துப் புத்தகம் படிக்கணும். ஒவ்வொண்ணுலயும் பின் அட்டைக்குள்ள ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கும். மனசுல பட்டதை அதுல எழுதணும். சொந்தப் பேர் போடக்கூடாது, புனைபேர்தான். பேர் தெரிஞ்சா பிள்ளைங்க நல்ல பிள்ளையாட்டம் எழுதி வெச்சிடுவாங்களாம். லைப்ரரியம்மா கண்டுபிடிச்ச ஏற்பாடு.

— அந்த ஏற்பாடுதான் என் தலையில இடியா விழுந்திருக்கு. என் பொண்ணு பேரு மின்மினியாம். அவ எழுதினதுக்குக் கீழ பல்லின்னு ஒருத்தன் பதில் எழுதறான். அதுக்கு இவ இன்னொரு புத்தகத்துல பதில். இன்னிக்குக் காலையில அவ குளிக்கப் போனப்ப திறந்து பார்த்துட்டேன்.

— ஓஹோ. அடுத்தவங்க தபாலைப் பிரிக்க மாட்டே, புத்தகத்தை மட்டும் பிரிப்பியாக்கும்?

— புத்தகத்துக்கு யாருக்கா உறை போட்டு ஒட்டறாங்க?

— சரி சரி. என்ன எழுதியிருக்கான் அந்தப் பல்லி?

— ‘அழுது முடிச்சதும் மூஞ்சியைக் கழுவிட்டு அஞ்சாம் அத்தியாயம் படி.’ எப்படி இருக்கு? என் பொண்ணு அழறது இவனுக்கு எப்படித் தெரியும்?

— அது கலங்கரை விளக்கத்துல தனியா மாட்டிக்கிட்ட பொண்ணோட கதை. நாலாம் அத்தியாயத்துல அவ நாய் செத்துப்போயிடும். யாரா இருந்தாலும் அழுவாங்க. நானே அன்னிக்கு ஒரு சட்டைக்குப் பட்டன் வெக்காமலே மடிச்சுக் கொடுத்துட்டேன்.

— நீங்க படிச்சீங்களா?

— லைப்ரரி புத்தகமெல்லாம் இங்கதானே தைக்க வருது! முதுகு பிரிஞ்சது, அட்டை தொங்கறது எல்லாம் என்கிட்டதான் அனுப்பறாங்க. பை தைக்கிற முரட்டு நூல்ல மூணு தையல் போட்டாத்தான் இந்தப் பிள்ளைங்க கைக்குத் தாங்கும். பக்கம் வரிசையா இருக்கான்னு பார்க்கணுமா வேண்டாமா? பார்க்கறப்ப கண்ணுல படுது.

— நானூறு பக்கமும் கண்ணுல படுதா?

— சிலதுல முன்னூத்திச் சொச்சம்தான். ஒண்ணு கவனிச்சேன். இந்த நாவல்கள்ல எந்தப் பிள்ளைக்கும் அம்மா வீட்டுல இருக்கறதில்ல. செத்துப்போயிருப்பா, இல்லன்னா வேலைன்னு தூர தேசம் போயிருப்பா. அம்மா வீட்டுல இருந்தா அந்தப் பிள்ளைங்க வாசப்படி தாண்டறதெப்படி, கதை நகர்றதெப்படி?

— குத்திக் காட்டறீங்களா?

— சும்மா சொன்னேன்மா.

— இந்தத் தெருவுல எந்த வீட்டுல குக்கர் சத்தம் போட்டாலும் எத்தனாவது விசில்னு உங்களுக்குத் தெரியும். அந்தப் பையன் யாருன்னு சாயங்காலத்துக்குள்ள எனக்குச் சொல்லுங்க. இல்லன்னா நாளைக்கே இவளை என் தம்பி வீட்டுக்கு பஸ் ஏத்திடுவேன். லைப்ரரியும் வேண்டாம், நாவலும் வேண்டாம்.

— அடியே, அவசரப்படாதே.

— இருபது நாளாப் பொறுத்துட்டுத்தான் இருக்கேன். இவ பேருக்கு ஒரு தபால் வந்துச்சு. காலையில தபாலை வகை பிரிக்கறப்ப என் கையிலதான் சிக்குச்சு. உறை மேல ஏதோ விமான மெக்கானிக் பள்ளிக்கூடத்தோட முத்திரை.

— அடேங்கப்பா. பதினோரு வயசுல என் மிஷினைக் கழட்டிப் போட்டு, மிச்சம் ஒரு திருகாணிகூட இல்லாம மாட்டிக் கொடுத்தவளாச்சே.

— எப்ப விண்ணப்பம் போட்டா, எப்பப் பரீட்சை எழுதினா, எனக்கு ஒண்ணும் தெரியாது. உறையைப் பேசாம தபால்காரர் பையில போட்டுட்டேன். அவ வாயால சொல்லட்டும்னு காத்திருக்கேன்.

— பிரிச்சுப் பார்க்கலையா?

— பதினேழு வருஷ சர்வீஸ்ல ஒருத்தர் தபாலையும் பிரிச்சதில்ல. என் பொண்ணுதுன்னா மட்டும் பிரிச்சிடலாமா? ஆனா பிரிக்காமலே தெரியுதே. இடம் கிடைக்கல. அதான் உம்முன்னு திரியறா. அந்த நேரம் பார்த்து ஆறுதல் சொல்ல இந்தப் பல்லி வந்து ஒட்டிக்கிச்சு.

— கிடைக்கலன்னு உன்கிட்ட யார் சொன்னா?

— கிடைச்சிருந்தா சொல்லியிருப்பாளே... அக்கா? ஏன் பேச்சை நிறுத்திட்டீங்க? நீங்க பேச்சை நிறுத்தி நான் பார்த்ததே இல்லையே!

— ஊசியில நூல் கோக்கறேன்.

— கோத்துத்தானே இருக்கு.

— இதோ பாரு, எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன். சொல்லாதேன்னு என்னை நம்பி ஒருத்தர் கேட்டுக்கிட்டாங்க.

— உங்களையா? நான் ஃப்ரிட்ஜ் வாங்கினப்ப, வண்டி தெருமுனை திரும்பறதுக்குள்ள அது என்ன கலர்னு நாலு வீட்டுக்குத் தெரிஞ்சிருந்துச்சே!

— அது ஃப்ரிட்ஜ். இது பொண்ணு.

— என்னது? என் பொண்ணா உங்களை நம்பிச் சொன்னா? அக்கா, கையைப் பிடிச்சுக் கேக்கறேன்...

— கையை விடு, தையல் கோணிடும். நான் இப்படித் திரும்பி உட்கார்ந்து இந்தக் காலரை முடிக்கப் போறேன். மேஜையில துணிக்கு அடியில ஒரு புத்தகம் இருக்கு. பதினஞ்சு நாளா அங்கயேதான் இருக்கு. அதை எடு, பின் அட்டைக்குள்ள பாருன்னு நான் சொல்லவே இல்ல. மிஷின் ஓடினா எனக்குக் காதும் கேக்காது.

— ...‘மின்மினி எழுதுவது. எனக்கு இடம் கிடைச்சிடுச்சு. எடுத்த முப்பது பேர்ல நானும் ஒருத்தி. அம்மா கையெழுத்தோட இருபத்தி மூணாம் தேதிக்குள்ள பதில் போய்ச் சேரணும். ஆனா நான் போகப்போறதில்ல. ரெண்டு வருஷம் ஹாஸ்டல். அப்பா போனதுக்கப்புறம் வீட்டுல நாங்க ரெண்டே பேர். நான் பத்து நிமிஷம் லேட்டா வந்தாலே அம்மா அடுப்பைக்கூடப் பத்தவைக்காம வாசல்ல நிப்பாங்க. இதை யார்கிட்டயும் சொல்லிடாதே.’

— நீ படிக்கறது எதுவும் என் காதுல விழல.

— கீழ பதில் இருக்கு. ‘முட்டாள் பொண்ணே, போ. உங்க அம்மா கண்ணாடிச் சாமான் இல்ல, கை தவறினா உடையறதுக்கு. கவுண்டர்ல ஊரே கத்தினாலும் அடுத்த ஆளைக் கூப்பிடறவ. அடுப்புப் பத்தவைக்கலன்னா எங்க வீட்டுல அவளுக்கு ஒரு தட்டு வெக்கிறேன். பல்லி.’ அக்கா... எங்க வீடுன்னா எந்த வீடு?

— மாடியில. இந்தக் கடைக்கு மேல.

— பல்லி நீங்களா!

— கத்தாதே, மேனேஜர் கோட்டு வாங்க வர்ற நேரம். முதல்ல சும்மாதான்மா ஆரம்பிச்சேன். ஒரு கதையோட முடிவு எனக்குப் பிடிக்கல, அதை எழுதி வெச்சேன். மின்மினின்னு ஒருத்தி என் கருத்து தப்புன்னு அரைப் பக்கம் சண்டை போட்டிருந்தா. அவ படிச்ச புத்தகமெல்லாம் எப்படியோ அட்டை பிரிஞ்சு என்கிட்டயே தைக்க வந்துடும். நான் ஒன்பதாவதோட நின்னவ. எல்லாரும் என்கிட்ட ‘எப்பத் தைச்சுத் தருவே’ன்னுதான் கேப்பாங்க. ‘நீ என்ன நினைக்கிறே’ன்னு கேட்டது இவ ஒருத்திதான்.

— அவதான் மின்மினின்னு எப்பத் தெரிஞ்சுது?

— வாசல்ல நிப்பாங்கன்னு எழுதியிருந்தா பாரு, அப்ப. இந்தத் தெருவுல அப்படி வாசல்ல வேர் விட்ட மாதிரி நிக்கறது வேற யாரு? இந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தா வேற பிள்ளைங்க படிச்சு ஊரே பேசும். அதான் அமுக்கி வெச்சிருக்கேன். லைப்ரரியில ரெண்டு தடவை கேட்டுட்டாங்க. நூல் தீர்ந்து போச்சுன்னு புளுகியிருக்கேன்.

— அக்கா, அடுப்படியில புழுங்கித் தள்ளுது. நான் வாசல்ல நிக்கறது காத்துக்காக. அதுக்காகவா இவ விமானத்தை விடுவா?

— காத்துக்கா?

— ...பாதி காத்துக்கு.

— இருபத்தி மூணு திங்கக்கிழமை வருது.

— தெரியும். இன்னிக்குப் பையில போனாத்தான் போய்ச் சேரும். நாலு மணிக்குப் பையைக் கட்டி முத்திரை வெச்சிடுவாங்க. இப்ப மூணே கால். அவ எங்க இருப்பா இந்நேரம்?

— பெரியம்மா, லைப்ரரியில அந்தப் புத்தகத்தை மறுபடியும் கேட்டு... அம்மா! நீங்க எப்படி இந்த நேரத்துல இங்க?

— உள்ள வாடி. அந்தப் படிவம் எங்க?

— எ... எந்தப் படிவம்?

— நான் கையெழுத்துப் போட வேண்டியது.

— பையிலதான்மா இருக்கு. தினமும் எடுத்துட்டுப் போயிட்டு எடுத்துட்டு வரேன்.

— கொண்டா இப்படி. மடிச்சு மடிச்சு நாலாக் கிழியப் போகுது. அக்கா, ஒரு பேனா!

— துணியில கோடு போடற பென்சில்தான் இருக்கு. தபாலாபீஸ்காரி, உன்கிட்டப் பேனா இல்லையா?

— அதைக் கவுண்டர்ல கயிறு போட்டுக் கட்டியிருக்கே!

— அம்மா, என்கிட்ட இருக்கு. ஆனா நீங்க தனியா...

— தனியாவா? மாடியில ஒரு தட்டு வெக்கறாங்களாம். அதுல சாப்பாட்டை விட ஊர்க்கதைதான் நிறைய இருக்கும், ரெண்டு வருஷம் ஓடிடும். எங்க போடணும் கையெழுத்து? இங்கயா? ம். உறையில போட்டு ஒட்டு, நானே கொண்டு போறேன்.

— பாப்பா, பெரியம்மா மேல கோவிச்சுக்காதே. சத்தியமா நான் வாயைத் திறக்கல, உங்கம்மாவேதான் எடுத்துப் படிச்சா. பதினஞ்சு நாளா ஒரு ஈ காக்காகிட்ட மூச்சு விட்டிருப்பேனா? என் வாழ்க்கையிலேயே இப்படி ஒரு விஷயத்தைக் கட்டிக் காத்ததில்ல!

— அதான் பெரியம்மா எனக்குப் புரியவே இல்ல! நீங்க தைச்சு வர்ற புத்தகத்துல மட்டும்தான் பல்லி எழுதும்னு எனக்கு ரெண்டாவது புத்தகத்துலயே தெரியும். அம்மாகிட்ட நேர்ல சொல்ல எனக்கு வாய் வரல. யார்கிட்டயும் சொல்லாதேன்னு உங்களுக்கு எழுதிட்டா அன்னிக்குச் சாயங்காலமே அம்மா காதுக்குப் போயிடும்னு நம்பித்தானே எழுதினேன், நீங்க ஏன் சொல்லவே இல்ல?