கருவேலிப்பட்டி ரேடியோவின் குரல்

காலையில் வெந்நீர் கேட்டேன், கொடுத்தார்கள். குரலை வைத்துப் பிழைக்கிறவன் பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சொன்னதும் இன்ஸ்பெக்டர் ஆவுடையப்பன் புரிந்துகொண்டார். நல்ல மனிதர். தாளும் பேனாவும் கொடுத்து, நடந்ததையெல்லாம் என் கைப்பட எழுதச் சொன்னார். எழுதுவதைவிட வாயால் சொல்வது எனக்கு எளிது என்றேன். "வேண்டாங்க, ஒங்க வாயால கேட்டது போதும்" என்றார். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

என் பெயர் ஆத்மநாதன். அரிமளத்துக்குத் தெற்கே மூன்று மைலில் இருக்கும் கருவேலிப்பட்டி என் ஊர். நாலாவது பாரம் வரை படித்தேன். பட்டணத்து ரேடியோ நிலையத்தில் அறிவிப்பாளர் வேலைக்கு இரண்டு தடவை மனுப் போட்டேன். இரண்டாம் தடவை பதில் வந்தது. மனு கிடைத்தது என்று எழுதியிருந்தார்கள். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டி வைத்திருக்கிறேன்.

1940-இல் எங்கள் ஊருக்கு ஒரு ரேடியோப் பெட்டி வந்தது. கிராமத்து ஜனங்களும் உலக நடப்பு தெரிந்துகொள்ள வேண்டும் என்று சர்க்காருக்கு ஆசை. சாவடியை ஒட்டிய அறைக்குள் பெட்டியை வைத்து, சுவரில் துளை போட்டு, வெளியே மைதானத்தைப் பார்க்க ஒரு பெரிய தகரக் குழாயைப் பொருத்தினார்கள். பெட்டியைத் திருகுவதற்கும் பாட்டரியைப் பார்த்துக்கொள்வதற்கும் என்னை நியமித்தார்கள். அறைக் கதவில் "உள்ளே வரக்கூடாது, உயிருக்கு ஆபத்து" என்று நானே எழுதி ஒட்டினேன். அப்போது அது வெறும் ஜம்பத்துக்கு எழுதியது.

மாலை ஆறு மணிக்கு ஊரே வந்து உட்காரும். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். ஊர்த் தலைவரான அம்பலகாரர் அடைக்கலம் மட்டும் கட்டிலில் இருப்பார். குழாயிலிருந்து குரல் வந்ததும் அவரும் காலை மடக்கிக்கொள்வார். குரலுக்கு அப்படி ஒரு மரியாதையை நான் எந்தக் கோவிலிலும் பார்த்ததில்லை.

பாட்டரியை மாதம் இரண்டு தடவை பஸ்ஸில் புதுக்கோட்டைக்கு அனுப்பி, சார்ஜ் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். யுத்தம் வந்து பெட்ரோல் போய், பஸ் கரியில் ஓடத் தொடங்கியது. மேடு வந்தால் பிரயாணிகளே இறங்கித் தள்ள வேண்டிய வண்டியில் பாட்டரியை எவன் ஏற்றுவான்? 1942 மாசி மாதம் ஒருநாள், சிங்கப்பூர் செய்தி நடந்துகொண்டிருக்கும்போது பெட்டி முனகிவிட்டு நின்றது.

வெளியே முந்நூறு பேர் இருந்தார்கள். எங்கள் ஊரில் பதினோரு வீட்டு ஆம்பிளைகள் பர்மாவில் இருந்தார்கள், அங்கே ஜப்பான்காரன் குண்டு போட்டுக்கொண்டிருந்தான். அத்தனை பேரை எழுப்பி வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. குழாயின் குறுகிய முனையைப் பெட்டியிலிருந்து கழற்றினேன். தொண்டையைச் செருமினேன். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

யாரும் அசையவில்லை. முடித்துவிட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்தபோது அம்பலகாரர் சொன்னார்: "இன்னைக்கித்தான்ப்பா பெட்டி தெளிவாப் பேசுச்சு."

பாட்டரிக்காக மூன்று மனு எழுதினேன். பதில் இல்லை. நாலாவது மனுவை எழுதவில்லை.

அரிமளம் தபால் ஆபீசுக்கு ஒரு நாள் தாமதமாகப் பத்திரிகை வரும். போய்ப் படித்துவிட்டு வந்து, மாலையில் குழாயில் சொல்வேன். ரேடியோவுக்கே உரிய இரைச்சலுக்குக் காய்ந்த பனையோலையைக் கசக்கினேன். நாகசுரக் கச்சேரிதான் என்னால் முடியவில்லை. தவிர்க்க முடியாத காரணங்களால் ரத்து என்று தினமும் அறிவித்தேன். அந்த வித்துவானுக்கு என்ன நோயோ என்று பெண்கள் வேண்டிக்கொண்டார்கள்.

தெரிந்த குரலை எப்படி அடையாளம் காணாமல் இருந்தார்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். குழாய் குரலைக் கொஞ்சம் மாற்றும். கேட்கிறவனுடைய பக்தி மீதியை மாற்றிவிடும். பர்மாவில் இருந்த ராசுவின் தாய் பொன்னுத்தாய் ஒருநாள் என்னிடமே சொன்னாள்: "பொட்டிக்குள்ள பேசுறவுக என்ன வெங்கலக் கொரலு. நீயும் இருக்கியே தம்பி, கரகரன்னு. அவுகளப் பாத்துக் கத்துக்கிட்டா ஆகாதா?" சிரித்துக்கொண்டேன். உள்ளே எரிந்தது. என் குரலைப் புகழ்ந்து என்னையே மட்டம் தட்டினால் யாருக்குத்தான் எரியாது.

பர்மாவில் இருந்தவர்களிடமிருந்து கடிதம் நின்று மாதக்கணக்காகியிருந்தது. தினமும் சாயங்காலம் பெண்கள் குழாயை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஆகவே பங்குனியில் ஒருநாள், பத்திரமாக இருக்கிறவர்களின் பட்டியல் என்று சொல்லி, பதினோரு பெயரையும் படித்தேன். மைதானத்தில் எழுந்த அழுகையும் சிரிப்பும் இன்னும் என் காதில் இருக்கின்றன. அதைச் செய்ததற்காக நான் வருந்தவில்லை.

ஆனால் நல்ல செய்தி மறுநாளே பழசாகிவிடுகிறது. மகன் பத்திரம் என்று தெரிந்தவள் மாட்டைப் பார்க்கப் போய்விடுகிறாள். சித்திரையில் நூறு பேர் வந்தார்கள். ஆனியில் நாற்பது பேர். அதில் பாதிப் பேர் காற்றுக்காக வந்தவர்கள். ஒரு நிலையம் கேட்பாரில்லாமல் போவது எவ்வளவு கேவலம் என்பது அந்தத் தொழிலில் இருந்தவனுக்குத்தான் தெரியும்.

ஆடி மாதம் முதல் வெள்ளிக்கிழமை, சேவுகன் ரங்கூனுக்கு வடக்கே குண்டுவீச்சில் காலமானார் என்று அறிவித்தேன். சேவுகன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். பதினோரு பெயர்களையும் முந்தின நாள் சொல்லிப் பார்த்ததில், குழாயில் நன்றாக விழுந்த பெயர் அதுதான்.

அவன் பெண்சாதி பிரகதாம்பாள் மைதானத்திலேயே விழுந்தாள். பதினாறாம் நாள் கருமாதி நடந்தது. நானும் போய்ச் சாப்பிட்டேன். மறுநாளிலிருந்து மைதானம் கொள்ளவில்லை, பக்கத்து ஊர்களிலிருந்தும் வண்டி கட்டி வந்தார்கள். கார்த்திகைக்குள் இன்னும் மூன்று பெயர் சொன்னேன். பொன்னுத்தாய் என் குரலைப் பற்றி இரண்டாம் தடவை சொன்ன அதே வாரத்தில்தான் ராசுவின் பெயர் வந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். இருக்கலாம்.

தை அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு சேவுகன் வந்து சேர்ந்தான்.

காட்டு வழியே நடந்து, அஸ்ஸாமில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகக் கிடந்து, பிச்சையெடுத்து ரயிலேறி வந்திருக்கிறான். எலும்பும் தோலுமாக இருந்தான். உடம்பில் காய்ச்சல் இருந்தது. ஊர் எல்லையில் ஐயனார் கோவில் கொட்டகையிலேயே அவனை நிறுத்திவிட்டார்கள். கருமாதி முடிந்தவன் மைதானம் வரை வரலாம், வீட்டுக்குள் வரக்கூடாது. வந்தால் அந்த வீட்டில் இன்னொரு சாவு விழும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

வழி இல்லாமல் இல்லை. சாவுச் செய்தியை நாங்கள் கேதம் என்போம். கேதம் சொன்ன வாயே ஊருக்கு முன்னால் வந்து, நான் சொன்னது தப்பு என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். பிறகு செத்தவனைத் தொட்டிலில் உட்கார வைத்து, மறுபடி பெயர் வைத்து, கொல்லை வழியாக வீட்டுக்குள் அழைத்துக்கொள்ளலாம். அம்பலகாரர் அப்பா காலத்தில் ஒருவருக்கு அப்படி நடந்திருக்கிறது.

அம்பலகாரர் தீர்ப்புச் சொன்னார்: "சேவுகனுக்குக் கேதம் சொன்னது ரேடியோ. அதுனால ரேடியோதான் தப்புன்னு சொல்லணும். அது சொல்லட்டும், நானே தொட்டில் கட்டுறேன்."

"நானே எதிர்க்க நிக்கிறேனே மாமா" என்றான் சேவுகன்.

"நீ நிக்கிறது எனக்குத் தெரியுதுப்பா. பெட்டிக்குத் தெரியணும்ல" என்றார் அவர்.

பிரகதாம்பாள் என் அறை வாசலுக்கு வந்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அண்ணே, அந்த ஐயாகிட்ட எப்புடியாச்சும் சேதி சொல்லுங்கண்ணே. ஒரு வார்த்தை போதும். அவுக காச்சல்ல கெடக்காக, பனியில கெடக்காக" என்றாள். மேலிடத்துக்கு எழுதிப் பார்க்கிறேன் என்றேன். அவள் கும்பிட்டாள்.

அன்று மாலை, இவ்விஷயம் பரிசீலனையில் இருப்பதாக மட்டும் குழாயில் சொன்னேன். அதற்குள் ஒரு சங்கடம் நேர்ந்துவிட்டது. ஊர் ரேடியோவைச் சேவுகன் அதற்கு முன் கேட்டதே இல்லை. கூட்டத்தின் கடைசியில், தள்ளி உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றான்.

"இது நம்ம ஆத்மநாதன் கொரலாச்சே" என்றான்.

கூட்டம் சிரித்தது. பொன்னுத்தாய்க்குக் கோபமே வந்துவிட்டது. "யாரு கொரல யாரு கொரலுன்னு சொல்றது" என்று ஏசினாள். ஆனால் இரண்டொருவர் சிரிக்கவில்லை. அவர்கள் அறைக் கதவைப் பார்த்தார்கள். நான் அதைச் சுவரில் இருந்த விரிசல் வழியாகப் பார்த்தேன்.

அமாவாசை அன்று மத்தியானம் பிரகதாம்பாள் செத்துப்போன புருஷனுக்குப் படையல் போட்டாள். கொல்லையில் இலை விரித்து, சோறும் வாழைக்காய்க் குழம்பும் வைத்து, காக்காயைக் கூப்பிட்டாள். வேலிக்கு அந்தப்பக்கம் நின்றிருந்த சேவுகன் உள்ளே கையை நீட்டி அதைத் தின்றான். விஷயம் அம்பலகாரரிடம் போனது. யோசித்துப் பார்த்துவிட்டு, செத்தவனுக்குப் போட்டதைச் செத்தவன் தின்றதில் குற்றம் இல்லை என்றார்.

நான் சொல்லியிருக்கலாம் என்று இன்ஸ்பெக்டர் நினைக்கிறார். தப்பு, தப்பு, தப்பு என்று மூன்றே வார்த்தை. அவர் நிலையம் நடத்தியவர் அல்ல. ஒரு திருத்தம் சொன்னால், மறுநாள் காலை மூன்று வீட்டுக்காரர்கள் தங்களுக்கும் ஒரு திருத்தம் வேண்டும் என்று வந்து நிற்பார்கள். அதன்பிறகு ஜப்பான்காரனைப் பற்றிச் சொன்னாலும் எவன் நம்புவான்? ஒரு மனிதனுக்காக முந்நூறு பேரின் நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு உரிமை இல்லை.

அன்று மாலை ஆறு மணிக்கு இப்படி அறிவித்தேன்: "பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை. இறந்துபோனவர்களின் பெயரையும் சாயலையும் தாங்கி எதிரியின் உளவாளிகள் கிராமங்களுக்குள் நுழைகிறார்கள். வானொலிக் குரலைத் தமக்குத் தெரிந்த ஒருவரின் குரல் என்று அவர்கள் சொல்லுவார்கள். அவர்களுக்குச் சோறோ தண்ணீரோ தரக்கூடாது."

ஊர் அவனை அடிக்கவில்லை. எங்கள் ஊர் ஜனங்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல. ஐயனார் கொட்டகையிலிருந்து விரட்டிவிட்டு, பிரகதாம்பாள் வீட்டு வாசலில் இரண்டு பேரைக் காவல் போட்டார்கள், அவ்வளவுதான். தண்ணீர்ச் செம்போடு வெளியே வந்தவளைப் பிடித்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். அவள் கத்தினாள். மூன்றாம் நாள் கண்மாய் மடையின் ஓரத்தில் சேவுகன் கிடந்தான். தண்ணீருக்கு இன்னும் நாலு அடி தூரம் இருந்தது. கருமாதி ஏற்கெனவே முடிந்திருந்ததால் மறுபடி செய்ய வேண்டியிருக்கவில்லை.

பங்குனியில் புது பாட்டரியோடு ரேடியோ மேற்பார்வையாளர் வந்தார். பெட்டியைத் திறந்தால் உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. இது பேசி ஒரு வருஷமாவது இருக்குமே என்றார். அவர் அதை வாசலில் நின்றே, கூடியிருந்தவர்கள் காதில் விழச் சொல்லிவிட்டார்.

முதலில் யாரும் சேவுகன் பெயரை எடுக்கவில்லை. அம்பலகாரர், "அப்ப சிங்கப்பூர் விழுந்ததும் பொய்யா?" என்று கேட்டார். அது நிஜம் என்றேன். அவருக்கு நிம்மதி. பொன்னுத்தாய் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "எம்புள்ள இருக்கானா? இருக்கானா சொல்லு" என்றாள். அது குறித்துத் தகவல் இல்லை என்றேன். அதைத்தான் சொல்ல முடிந்தது. பிரகதாம்பாள் குழாயின் அடியில் போய் நின்று, அதன் வாய்க்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தாள். பிறகுதான் போலீசுக்கு ஆள் போனது.

கொட்டகையில் இருந்தவன் சேவுகன்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியுமா என்பது இன்ஸ்பெக்டரின் கடைசிக் கேள்வி. தெரியும். யாரும் கேட்காததால் இதுவரை சொல்லவில்லை. அமாவாசை அன்று, படையல் சோற்றைத் தின்றபிறகு, அவன் என் அறையின் பின்பக்க ஜன்னலுக்கு வந்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் அவனால் நிற்க முடிந்தது. கோபப்படவில்லை.

"ஆத்மநாதா, எப்பருந்துடா இது?" என்றான்.

"போன மாசியிலேருந்து" என்றேன்.

"கொரலு நல்லாத்தான்டா இருக்கு. வாத்தியாரு அப்பவே சொன்னாரே, இவன் ஒருநாள் ரேடியோவுல பேசுவான்னு. நெசமாச் சொல்றேன், அம்புட்டு நல்லாருக்கு. எனக்கு ஒரு வார்த்தை மட்டும் சொல்லிப்புடுடா" என்றான்.

என் குரலை என்னுடையது என்று தெரிந்து புகழ்ந்தவன் இந்த உலகத்தில் அவன் ஒருவன்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் கேட்டுக்கொண்டிருப்பான் என்பதற்காகவே, அன்று மாலை அந்த எச்சரிக்கையை வழக்கத்தைவிட நிதானமாக, ஒரு சொல்லில்கூடத் தடுமாறாமல் வாசித்தேன்.