கட்டில் பைப் கேரியர்

— மெதுவாப்பா! கேரியர் மேல ஏறி நிக்கிறீங்களே, வண்டி சாஞ்சிடப் போகுது.

— சாயட்டும். பைக்ல பதினஞ்சு நாள் மலைப்பாதைன்னா சும்மாவா? நடுவழியில கேரியர் கழண்டா பெட்டியோட ஆளும் பள்ளத்துல. முப்பது வருஷமா வெல்டிங் பட்டறை நடத்துறேன். ஒரு நட்டு ஆடினாலும் பயணம் கிடையாது.

— ஆடலன்னா?

— செஞ்ச கைக்கு நானே கதவைத் திறந்து விடறேன். பேச்சு மாற மாட்டேன். பைப் எங்க கிடைச்சுது?

— மாடியில கிடந்த கால் உடைஞ்ச கட்டில்.

— அடேயப்பா! நான் பழைய இரும்புக்குப் போடச் சொன்னதாச்சே. வெல்டிங் எதுல, நம்ம வீட்டுல மூலையில கிடந்த அந்த ஓட்டை மிஷின்லயா?

— ஆமா. நீங்க பட்டறைக்குக் கிளம்பினப்புறம்.

— பலே! சரி, குண்டும் குழியுமான ரோட்டுல கேரியரோட ரெண்டு பக்கமும் உள்பக்கமா மடங்கி சக்கரத்துல இடிக்கும். அதை நீ மறந்திருப்பே.

— பின்னாடி குனிஞ்சு பாருங்க.

— அட, ரெண்டையும் சேர்த்து ஒரு குறுக்குப் பட்டை! நம்பர் பிளேட்டுக்குக் கீழ, கண்ணுல படாம. சும்மா சொல்லக்கூடாது பாப்பா, இதுதான் மூளை.

— அடுத்ததைப் பாருங்கப்பா.

— சைலன்சர்ல இருந்து நாலு விரல் தள்ளி இருக்கு. முனையெல்லாம் அரம் போட்டு மழமழன்னு, துணி மாட்டினாக்கூடக் கிழியாது. இதென்ன நீலக் கோடு? உங்கம்மாவோட தையல் சாக்பீஸா? அவ பார்த்தா உன்னைத் தொலைச்சிடுவா!

— அட்டையில வெட்டி அளவு பார்த்துட்டுத்தான் பைப்பையே அறுத்தது.

— ஜாக்கெட் வெட்டுற மாதிரியா! சிரிப்பு வருது, ஆனா ஒரு நூல் பிசகல. இரு, ஆட்டிப் பார்க்கறேன். ம்ஹூம். வண்டிதான் ஆடுது, இது அசைய மாட்டேங்குது.

— அப்போ குறையே இல்லையா?

— வாயைப் பிடுங்காத. இந்த வளைவு... பைப் நசுங்கவே இல்லையே! உள்ள மணலை அடைச்சு, சூடு காட்டி வளைச்சிருக்கு. இது என்னோட வித்தைடி. பட்டறையில எல்லாரையும் வெளிய அனுப்பிட்டுத்தான் வளைப்பேன். நீ எங்க பார்த்த?

— முதல்ல தீர்ப்பைச் சொல்லுங்க.

— என்னத்தைச் சொல்ல! நானே செஞ்சாலும் இவ்வளவு அழகா வந்திருக்காது. இதைச் செஞ்ச ஆளு எந்த மலைக்கு வேணாலும் போகலாம், பத்திரமா திரும்பி வந்திடலாம். பெருமையா இருக்கு பாப்பா.

— அம்மா! ஜெயிச்சாச்சு, வெளிய வா!

— அவளை எதுக்குக் கூப்பிடற?

— வண்டி மட்டும்தான்பா என்னோடது. நான் டார்ச் பிடிச்சேன், அவ்வளவுதான். கேரியர் அம்மா செஞ்சது. போறதும் அம்மாதான்.

— மலைக்குப் போகணும்னு நீதானே சொன்ன?

— போகணும்னு சொன்னேன். யாருன்னு நீங்க கேக்கவே இல்லையே.

— ஏய், இங்க வா. இவ சொல்றது நிஜமா?

— நிஜந்தாங்க. லைசென்ஸ் எடுத்து எட்டு மாசமாச்சு. கதவைத் திறந்து விடறேன்னு நீங்க சொன்னது தையல் மிஷின் வரைக்கும் கேட்டுச்சு.

— கதவு கிடக்கட்டும். மணல் வித்தையை உனக்கு யாரு சொன்னது?

— யாரு சொல்லணும்? பைப் வளைக்கும்போது எல்லாரையும் வெளிய போகச் சொல்வீங்க. சாப்பாட்டுக் கூடையோட ஓரமா நிக்கிறவளை மட்டும் ஒரு நாளும் போகச் சொன்னதில்லையே.