இந்தியிலும் பேசாத பிள்ளை

சாணார்பட்டி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் பள்ளிக்கூடத்தில், மில் வேலைக்கு வந்த பீகார்க்காரர்களின் பிள்ளைகளுக்கு டீச்சர் சொல்வதை இந்தியில் சொல்கிறவள் என்று பேச்சில் தெரிந்தது.

“அந்தப் பிள்ளை இந்தியிலயும் பேச மாட்டேங்குதுக்கா,” என்றாள்.

“பயந்திருக்கும்டி.”

“பாடம் அம்புட்டையும் பக்கத்துல உக்காந்து இந்தில சொல்றேன், மூஞ்சியவே பாக்குது. இன்னைக்குத்தான் வாயத் தொறந்துச்சு. ‘செத்த தள்ளி உக்காருங்கக்கா, போர்டு மறைக்குது’ன்னு. தமிழ்ல!”

“அடியாத்தி! டீச்சரு?”

“சரியாக் காதுல விழல. ‘என்ன சொல்லுது’ன்னு என்னையக் கேட்டாங்க.”

“நீ?”

“தண்ணி குடிக்கணுமாம்னேன். வேலை போயிருமேக்கா.”

“பிள்ளை?”

“என்னையப் பாத்துச்சு. எந்திரிச்சுப் போயி தண்ணி குடிச்சுட்டு வந்துச்சு.”