கென் ஒற்றை ஆளாகக் கட்டிய கார்

கென்னுக்கு டீ போடத் தெரியாது. இரங்கல் பக்கத்தை இப்படித் தொடங்குவது முறையில்லை என்று எனக்கும் தெரியும், கிளெனிஸ். ஆனால், "உங்கள விட்டா அவரப் பத்தி யாரு எழுதுவா மெர்வின், நம்ம சங்கத்து இதழுக்கு ஒரு பக்கம் குடுங்க" என்று கேட்டது நீங்கள்தான். நெருங்கிப் பழகியவனுக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த டீதான். கோப்பையில் டீத்தூள் பையைப் போட்டு, அதன் தலையில் பாலை ஊற்றி, அதற்கப்புறம்தான் தண்ணீரைக் கொதிக்க வைப்பான். சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று வரும். அவன் கராஜில் நான்கு குளிர்காலம் அதை முகம் சுளிக்காமல் குடித்திருக்கிறேன். நான் பொறுமைசாலி என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

சங்கத்துக்காரர்களுக்கு நம் பொழுதுபோக்கை விளக்க வேண்டாம். வெளியாள் யாராவது படித்தால் தெரிந்துகொள்ளட்டும். முழு காரைக் கடையில் வாங்க முடிந்தவர்கள் அதைப் பெட்டி பெட்டியாக வாங்கி, வீட்டு நிம்மதியைத் தொலைத்து, தாங்களே கட்டிக்கொள்வதுதான் கிட் கார். சட்டகமும் கண்ணாடியிழை உடம்பும் பெட்டியில் வரும். எஞ்சினையும் அச்சையும் சாகக் கிடக்கும் ஏதாவதொரு பழைய காரிலிருந்து பிடுங்கிக்கொள்வோம். அந்தக் காருக்குக் கொடையாளி என்று கௌரவமாகப் பெயர் வைத்திருக்கிறோம். கொடையாளியிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை.

கென் மேட்லாக் ஊரில் கம்பளம் விற்றவன். வாயும் பெரிது, கையும் பெரிது. மண்வெட்டியைப் போல இரண்டு கைகள். நான் பல்செட் செய்து ஓய்வு பெற்றவன். எங்கள் டெர்பிஷையர் மாவட்டத்தில் பாதிக் கிழவர்கள் என் பற்களைக் காட்டித்தான் சிரிக்கிறார்கள். என் கைகள் சிறியவை. பள்ளிக்கூடத்தில் பொம்பளைக் கை என்பார்கள். கல்யாணத்தன்று என் மோதிரத்தைச் சிறுவர்கள் அளவில் தேட வேண்டியிருந்தது. அந்தக் கைகளுக்கு மரியாதை கொடுத்த முதல் ஆள் கென். சட்டகத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவில், அவன் விரல் நுனிகூட நுழையாத சந்துகளில் என் கை முழங்கை வரை போய் வரும். ஒரு நாள் நான் பெடல்களுக்குக் கீழே தலைகீழாகக் கிடந்தபோது அவன் சொன்னான்:

"உன் கைய மட்டும் அறுத்து என்கிட்ட குடுத்துருடா மெர்வ். மிச்சத்த நீயே வச்சுக்க."

அன்றைக்கு நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

என் மனைவி ஜாய்ஸ் இறந்துபோன வருடம் அது. சனிக்கிழமை காலை எழுந்தால் எங்கே போவது என்ற கேள்விக்குப் பதிலாக அந்தக் கராஜ் இருந்தது. அதை நான் மறக்கவில்லை. நன்றியோடுதான் எழுதுகிறேன்.

மஞ்சள் கோடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு போல்ட்டை உரிய அளவுக்கு இறுக்கி முடித்ததும், அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுப்போம். போல்ட் திரும்பினால் கோடு உடையும், பார்த்ததும் தெரிந்துவிடும். எல்லோரும் செய்வதுதான். ஆனால் எங்களுக்குள் கூடுதலாக ஒரு சட்டம் இருந்தது. இறுக்கியவன்தான் கோடு போட வேண்டும். கோடு விழுந்த போல்ட்டை மற்றவன் தொடக்கூடாது. தொட்டுப் பார்த்தால் இறுக்கியவனை நம்பவில்லை என்று அர்த்தம். கல்யாணத்தில்கூட இத்தனை கறாரான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

காரைச் சாலையில் ஓட்ட அனுமதிக்கும் அரசாங்கச் சோதனைக்குப் போன நாளில் வழக்கப்படி தோட்டத்து ரப்பர் குழாயைக் கிழித்து, கூரான விளிம்புகளுக்கெல்லாம் மாட்டிக்கொண்டு போனோம். சோதனை செய்தவர் தடவிப் பார்த்தார், தலையை ஆட்டினார், கையெழுத்துப் போட்டார். கேட்டைத் தாண்டியதும் குழாயையெல்லாம் பிடுங்கி எறிந்தோம். கென் என்னைக் கட்டிப்பிடித்தான். அவன் தாடை என் வழுக்கையில் இடித்தது.

"நம்ம வண்டிடா," என்றான்.

அந்த 'நம்ம'வை நான் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அறுபத்தெட்டு வயது ஆள், அடுப்படியில் நின்று அழுதேன். இதை அச்சில் போட்டாலும் எனக்கு வெட்கமில்லை.

பிறகு மே மாதக் கண்காட்சி, கூடவே போட்டியும். புல்வெளி முழுக்கக் கார்கள், தூக்கிய பானெட்டுகள், மடக்கு நாற்காலிகள், பிளாஸ்க்குகள். மாவுக்குள் பன்றி இறைச்சி அடைத்துச் சுட்ட பலகாரம் வாங்கிவரும் பொறுப்பு என்னுடையது. வாங்கிக்கொண்டு வந்தபோது கார் முன்னால் பளபளவென்று ஒரு பலகை நின்றது. 'ஒற்றை ஆளாகக் கட்டியவர்: கென்னத் ப்ளெட்சோ. டீக்கு நன்றி: மனைவி டோரீனுக்கு.'

டோரீன் அந்தக் கராஜுக்கு ஒருநாளும் டீ கொண்டுவந்ததில்லை. அங்கே அடிக்கும் நாற்றத்துக்கு அவர் வாசலைக்கூட மிதிக்கமாட்டார். இல்லாத டீக்குக்கூட நன்றி இருந்தது.

நான் கூடாரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து பலகாரத்தைத் துண்டு போட்டேன். நடுவர் வந்தார். மஞ்சள் கோடுகளைக் குனிந்து பார்த்து, இவ்வளவு சுத்தமான வேலையை அபூர்வமாகத்தான் பார்க்க முடிகிறது என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, பின்னால் இருப்பவரும் கை கொடுத்தாரா என்று விசாரித்தார்.

"மெர்வா? பாவங்க அவன்," என்றான் கென். "பொண்டாட்டி போனதுலேர்ந்து வீட்டுல தனியா இருக்க முடியல. வந்து உக்காந்திருப்பான். ஸ்பேனர் கேட்டா எடுத்துக் குடுப்பான்."

அந்தச் சந்துகளைப் பார்த்துவிட்டுக் கென்னின் கைகளையும் ஒரு தடவை பார்த்திருந்தால் போதும், நடுவருக்குப் புரிந்திருக்கும். அவர் பார்க்கவில்லை. கோப்பையைக் கொடுத்துவிட்டார்.

திரும்பும் வழியில் கென் காரணம் சொன்னான். இரண்டு பேர் கட்டிய வண்டி என்றால் வேறு பிரிவாம். அதில் செஸ்டர்ஃபீல்ட் அண்ணன் தம்பி இருக்கிறார்களாம். அவர்களிடம் நம் பருப்பு வேகாதாம். "பலகைதானடா. உனக்கென்ன குறைஞ்சு போச்சு?" என்றான். ஒன்றுமில்லை என்றேன். நம்மூரில் ஒன்றுமில்லை என்றால் எல்லாம் இருக்கிறது என்று பொருள். கம்பளம் விற்றவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் அவன் கூப்பிடவில்லை. கார் முடிந்துவிட்டதல்லவா. நான் வீட்டில் உட்கார்ந்து என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூனில் போன் வந்தது. சின்னதாக, அழகாக ஒரு ஸ்டீயரிங் சக்கரம் வாங்கியிருக்கிறான். அதை மாட்ட வேண்டுமானால் கீழே ஸ்டீயரிங் தண்டின் இணைப்பைக் கழற்றிச் சேர்க்க வேண்டும். அவன் கை போகாது. ஞாயிற்றுக்கிழமை நீர்த்தேக்கத்துக்கு மேலே உள்ள சாலையில் நீங்கள் படம் எடுக்கப் போகிறீர்கள், அட்டைப்படக் கட்டுரை, தலைப்பே 'ஒற்றை ஆள்' என்று சந்தோஷமாகச் சொன்னான். "உன் கை வேணும்டா," என்றான்.

போனேன். டீ கொடுத்தான், குடித்தேன். பெடல்களுக்குக் கீழே படுத்து இணைப்பைக் கழற்றினேன், சேர்த்தேன், போல்ட்டைப் போட்டேன். முழுதாக இறுக்கவில்லை. மஞ்சள் கோடு இழுத்தேன். இருட்டில் மல்லாந்து கிடந்து இழுத்த கோடு என்று யாரும் சொல்லமாட்டார்கள், அவ்வளவு நேராக வந்தது. கென் நாற்காலியில் உட்கார்ந்து அட்டைப்படத்துக்கு எந்தச் சட்டை பொருந்தும் என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தான். நீலம் என்றேன். நீலம் அவனுக்கு நன்றாக இருக்கும்.

என் எண்ணத்தைத் தெளிவாக எழுதிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்டீயரிங் அவன் வீட்டுச் சந்தைத் தாண்டுவதற்குள் ஆடத் தொடங்கும். அவன் பயந்து போய் நிறுத்துவான். எனக்குப் போன் செய்வான். அப்போதாவது, மெர்வ் இல்லாமல் இந்த வண்டி ஓடாது என்று உங்களிடமோ டோரீனிடமோ அவன் வாயால் சொல்வான். நான் போய் ஒரு நிமிடத்தில் சரி செய்வேன். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு போன்தான். நண்பனிடம் இதைக்கூட எதிர்பார்க்கக் கூடாதா.

போன் வந்தது. ஞாயிறு காலை, நான் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தேன்.

"மெர்வ், ஸ்டீயரிங் லேசா ஆடுற மாதிரி இருக்குடா. இல்ல எனக்குத்தான் அப்படித் தோணுதா?"

"கோடு இருக்கா?"

"இரு, பாக்குறேன்." டார்ச்சை எடுத்துக்கொண்டு போனான். முனகிக்கொண்டே குனிவது கேட்டது. திரும்பி வந்தான். "இருக்கு. உடையல. நேரா இருக்கு."

"அப்புறம் என்ன?"

"அதானே. நீ போட்ட கோடாச்சே," என்று சிரித்தான். "புதுச் சக்கரம், அதான் அப்படித் தெரியுது போல. சாயங்காலம் வாடா, படம் எப்படி வந்துச்சுன்னு சொல்றேன்."

வருகிறேன் என்றேன்.

இதில் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவன் ஒரு கேள்வி கேட்டான், நான் ஒரு கேள்வி கேட்டேன். வேண்டுமானால் அவன் ஒரு ஸ்பேனரை வைத்துத் திருப்பிப் பார்த்திருக்கலாம். அவன் கை போகாதுதான். ஆனால் ஒற்றை ஆளாகக் கட்டியவனுக்கு அது ஒரு பிரச்சினையா? முட்டை கொஞ்சம் அதிகமாக வெந்துவிட்டது. இருந்தாலும் சாப்பிட்டேன்.

நீங்கள் மேட்டில் கேமராவோடு காத்திருந்தீர்கள். வெளிச்சம் அருமையாக இருந்தது என்று பிற்பாடு சொன்னீர்கள், சொல்லிவிட்டு அழுதீர்கள். நீர்த்தேக்கத்துக்கு மேலே உள்ள வளைவில் அவன் சக்கரத்தைத் திருப்பியிருக்கிறான், கார் திரும்பவில்லை. நீங்கள் உங்களையே குற்றம் சொல்லிக்கொள்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். வேண்டாம் கிளெனிஸ். அதற்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

இறுதிச் சடங்கில் நான் பேசினேன். அந்த டீ கதையைச் சொன்னபோது சர்ச்சே சிரித்தது. பாதிரியார் கூடத் தோள் குலுங்கச் சிரித்தார். பேசி முடித்து உட்கார்ந்ததும் எனக்கு வந்த அழுகை நிஜம். டோரீன் பெஞ்சைத் தாண்டி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவருக்குன்னு இருந்தது நீங்க ஒருத்தர்தான்," என்றார். அவன் ஸ்பேனர் பெட்டியை என் காரில் ஏற்றி அனுப்பினார். இப்போது என் மேசைக்குக் கீழே இருக்கிறது. அவன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை.

மரண விசாரணையில் என்னை யாரும் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிட வேண்டும்? அது ஒற்றை ஆள் கட்டிய வண்டி; பலகை இருக்கிறது, கோப்பை இருக்கிறது, நடுவர் வந்து சாட்சி சொன்னார். இணைப்பைக் கடைசியாகச் சேர்த்ததும் கென்தான் என்று எழுதிக்கொண்டார்கள். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பவனிடம் கேட்க என்ன இருக்கிறது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

நான் சும்மா இருந்திருப்பேன். எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருந்திருப்பேன். ஆனால் போன இதழில் விசாரணை முடிவைச் சுருக்கிப் போட்டிருந்தீர்கள்: 'அனுபவமில்லாத கை, கவனக்குறைவான வேலை.' அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்தப் பக்கத்தை நீங்கள் போலீஸிடம் கொடுப்பீர்கள். கொடுங்கள், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் அடுத்த இதழில் அந்த வரியை மட்டும் திருத்திவிடுங்கள். அந்தப் போல்ட் அவன் வீட்டு வாசலில் கழன்று விழவில்லை. சந்தில் விழவில்லை, கடைத்தெருவில் ஜனங்களுக்கு நடுவில் விழவில்லை, பள்ளிக்கூடத்துப் பக்கம் விழவில்லை. அந்த வளைவு வரைக்கும் தாங்கியது. கவனமில்லாதவன் கையால் அது முடியாது.