கிழித்து வைத்த கடைசி அத்தியாயம்

"இவர் கட்டிக்கிட்டது என்னை இல்லக்கா, ஒரு தொடர்கதையை."

தாம்பரத்தில் கிளம்பிய மின்சார ரயிலில், எதிரே இருந்த பெண்மணி தோழியிடம் சொன்னார். கணவர் ஜன்னலோரம் புத்தகத்தில் மூழ்கியிருந்தார்.

"பொண்ணு பார்க்க வந்தப்ப என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கல. வீட்ல பைண்ட் பண்ணி வச்சிருந்த தொடர்கதையப் புரட்டிட்டு, படிச்சுட்டுத் தரேன்னாரு. நான் கடைசி அத்தியாயத்தைக் கிழிச்சு வச்சுட்டுத்தான் கொடுத்தனுப்பினேன்."

"அடிப்பாவி! அப்புறம்?"

"மறுவாரமே வந்து நின்னாரு. முடிவு தெரியணுமாம்!"

இருவரும் சிரித்தார்கள். பல்லாவரம் வந்தது. கணவர் தலை நிமிராமலே பக்கத்தைத் திருப்பினார்.

"முடிவு எனக்கு அப்பவே தெரியும். எங்க வீட்லயும் வாராவாரம் அதே பத்திரிகைதான் வாங்கினாங்க."